குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கினால் நகராட்சியின் செலவு குறையுமா?

வைகைக்கரை கேட்டது:

எங்கள் நகராட்சியில் குப்பைக்கான கட்டணம் சொத்து வரியோடு சேர்த்து வாங்கப்படுகிறது. இருவர் மட்டும் குடியிருந்து சமையற்கழிவைத் தோட்டத்திலேயே உரமாக்கிவிடும் வீடும், நாள்தோறும் இரண்டு வாளி குப்பையைப் பேட்டரி வண்டியில் கொட்டும் வீடும் கட்டட அளவு ஒன்றாக இருந்தால் ஒரே தொகையைத்தான் கட்டுகின்றன. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சிலர், தென் கொரியாவிலும் தைவானிலும் இருப்பதைப் போலக் கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கும்படி நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்கிறார்கள். அவ்வாறு செய்தால் மக்கள் குப்பையைக் குறைப்பார்கள், குப்பை குறைந்தால் நகராட்சியின் செலவும் குறையும், செலவு குறைந்தால் வரியும் உயராது என்பது அவர்களின் வாதம்.

எது நியாயம் என்பது வேறு கேள்வி. அதை இங்கே நான் எழுப்பவில்லை. நான் அறிய விரும்புவது செலவைப் பற்றியது. கட்டண முறையை மாற்றினால், குப்பைக்காக ஓர் ஊர் செலவிடும் மொத்தத் தொகை உண்மையிலேயே குறைகிறதா, அல்லது செலவு அப்படியே இருக்க, அதை யார் எவ்வளவு சுமக்கிறார் என்பது மட்டும் மாறுகிறதா? உள்ளாட்சிக் கணக்குகளோடு பழகியவர்களும், இம்முறை நடப்பில் உள்ள ஊர்களில் வாழ்பவர்களும் விளக்கினால் மனுவை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு உதவியாக இருக்கும்.

---

பொருளியல் மாணவி எழுதியது:

இக்கேள்விக்கு மிகவும் அறியப்பட்ட அளவீடு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் என்ற ஊரிலிருந்து கிடைத்தது. 1992 ஜூலையில் அந்த ஊர் 32 கேலன் கொள்ளும் ஒவ்வொரு குப்பைப் பைக்கும் 80 சென்ட் விலையுள்ள ஒட்டுச்சீட்டை வாங்கி ஒட்ட வேண்டும் என்று விதித்தது. டான் ஃபுல்லர்டன், தாமஸ் கின்னமன் என்ற இரு பொருளியலாளர்கள் 75 வீடுகளின் குப்பையைக் கட்டணம் வருவதற்கு முன்பும் பின்பும் எடைபோட்டு, 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே வைக்கப்பட்ட குப்பையின் கொள்ளளவு 37 சதவீதம் குறைந்திருந்தது. எடையோ 14 சதவீதம்தான் குறைந்திருந்தது.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. பைக்கு விலை வைத்தவுடன் மக்கள் முதலில் செய்தது குப்பையைக் குறைப்பதன்று. ஒரே பையில் காலால் மிதித்துத் திணிப்பது. சியாட்டில் நகரம் 1981இல் தொட்டியின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. அந்த மிதிப்புக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். குப்பை லாரி எப்படியும் தன் அழுத்தியால் குப்பையை நசுக்கத்தான் போகிறது. ஆகவே வீட்டில் மிதித்து நசுக்கியதால் வீட்டுக்காரருக்கு 80 சென்ட் மிச்சமானதே தவிர, நகரத்துக்கு ஒரு சென்ட்டும் மிச்சமாகவில்லை.

அதே ஆய்வில் மறுசுழற்சிக்குப் போன பொருளின் எடை 16 சதவீதம் உயர்ந்ததும் தெரியவந்தது. இன்னொரு மதிப்பீடுதான் சங்கடமானது. குறைந்ததாகத் தோன்றிய குப்பையில் ஏறத்தாழ 28 சதவீதம் கண்ட இடங்களில் கொட்டப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். அந்தக் குப்பையையும் பின்னர் நகரம்தான் அள்ள வேண்டும், வாசலில் அள்ளுவதைக் காட்டிலும் கூடுதல் செலவில். ஒட்டுச்சீட்டை அச்சிடுவது, கடைகளுக்கு வழங்குவது, ஒட்டாத பையைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்கான நிர்வாகச் செலவோடு ஒப்பிட்டால் கிடைத்த நன்மை சிறியது என்பதே அவர்களின் முடிவு.

இதை எல்லா ஊர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. நெதர்லாந்தின் நகராட்சிகளை ஒப்பிட்ட டைக்ராஃப், கிராடஸ் ஆகியோரின் ஆய்வு வேறுவிதமான படத்தைத் தருகிறது. அங்கே எடைக்குக் கட்டணம் வாங்கிய ஊர்களிலும் பைக்குக் கட்டணம் வாங்கிய ஊர்களிலும் குப்பை நன்றாகவே குறைந்தது. தொட்டியின் அளவுக்கு மட்டும் கட்டணம் வாங்கிய ஊர்களில் விளைவு மிகவும் பலவீனமாக இருந்தது. காரணம் எளிது. பெரிய தொட்டிக்கு ஆண்டுக்கட்டணத்தைக் கட்டிவிட்ட ஒருவருக்கு அந்தத் தொட்டி நிரம்பும்வரை மேலும் ஒரு கிலோ குப்பை போடுவது இலவசம். ஆகவே “அளவுக்கேற்பக் கட்டணம்” என்று மனுவில் பொதுவாக எழுதிவிட்டால் போதாது. எந்த அளவு என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

---

வரவுசெலவு எழுதியது:

உள்ளாட்சித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

மாணவி சொன்ன 14 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். குப்பை 14 சதவீதம் குறைந்தால் செலவும் 14 சதவீதம் குறையும் என்று உங்கள் சங்கத்தினர் எண்ணுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நகராட்சி குப்பைக்காக 100 ரூபாய் செலவிடுகிறது என்றும், அதில் 80 ரூபாய் தூய்மைப் பணியாளர்களின் ஊதியம், வண்டி, டீசல், பழுதுபார்ப்பு, மேற்பார்வை ஆகியவற்றுக்கும், 20 ரூபாய் கிடங்கிலும் உரக்கூடத்திலும் நடக்கும் வேலைக்கும் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் உண்மையான விகிதம் பெரும்பாலும் இதைவிடச் சேகரிப்பின் பக்கமே சாய்ந்திருக்கும். குப்பை 14 சதவீதம் குறைந்தால் இரண்டாவது பகுதியில் அதிகம் போனால் 2 ரூபாய் 80 காசு மிச்சமாகும். முதல் பகுதியில் என்ன மிச்சமாகும்? வண்டி அதே தெருவுக்கு, அதே வாசல்களுக்கு, அதே நேரத்தில் போய்த்தான் ஆக வேண்டும். வாளி முக்கால் நிறைந்திருந்தாலும் முழுதும் நிறைந்திருந்தாலும் அந்த வாசலில் நிற்பதற்கு ஆகும் நேரம் ஒன்றுதான். வார்டில் பத்துப் பேர் செய்த வேலையை எட்டுப் பேரால் செய்ய முடியும் என்ற நிலை வரும்வரை ஊதியக் கணக்கில் ஒரு ரூபாயும் அசையாது.

ஆக, கட்டண முறை செலவைக் குறைக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். ஒன்று, குப்பையை இறுதியாக அகற்றும் வேலைக்கு ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று நகராட்சி உண்மையிலேயே பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, குறைந்த குப்பையைக் காரணமாகக் காட்டி வண்டியின் சுற்றுகளைக் குறைக்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். மேலைநாடுகளில் வாரம் ஒருமுறை வந்த வண்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை என்று மாற்றிப் பணத்தை மிச்சம் பிடித்த ஊர்கள் உண்டு. நம் வெயிலில் மீன் கழிவையும் சோற்றையும் இரண்டு நாள் வைத்திருக்க முடியாது என்பதால் ஈரக் குப்பைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. உலர் குப்பைக்கு மட்டும் அது திறந்திருக்கிறது.

உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறைந்த வருமான நாடுகளின் நகராட்சிகள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதத்தைக் குப்பைக்கே செலவிடுகின்றன; பணக்கார நாடுகளில் அது 4 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 4 சதவீதத்தில் எரிஉலைக்கும் முறையான புதைநிலத்துக்கும் கணிசமான பங்கு போகிறது. நம்முடைய பணம் பெரும்பாலும் அள்ளுவதிலும் ஏற்றிச் செல்வதிலுமே தீர்ந்துவிடுகிறது. கிடங்கில் கொட்டிவிட்டு வருவதற்கு இன்று செலவில்லை என்பதால் அதன் உண்மையான விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை; பல ஆண்டுகள் கழித்து மலையாகிவிட்ட பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் ஒப்பந்தமாக அது மொத்தமாக வந்து நிற்கிறது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கில் நடந்தது அத்தகைய வேலைதான்.

---

சூரிச்வாசி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து பல்லாண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் வாழ்பவன். வரவுசெலவு ஐயா சொன்ன முதலாவது நிபந்தனை இங்கே நிறைவேறியிருக்கிறது. இம்முறை இங்கு வேலை செய்வதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சூரிச் நகரம் 1993இல் கட்டணப் பையைக் கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1975இல், சாங்க்ட் காலன் நகரம் இதைத் தொடங்கிவிட்டது. எரிக்கக்கூடிய குப்பையைப் புதைப்பது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே வீட்டுக் குப்பை முழுவதும் எரிஉலைக்குப் போகிறது. எரிஉலை ஒவ்வொரு டன்னுக்கும் நகரசபையிடம் பணம் கேட்கிறது. வீட்டில் ஒரு பை குறைந்தால் நகரசபையின் கணக்கில் அதற்குரிய தொகை உடனே குறைகிறது. பெரும்பாலான ஊர்களில் 35 லிட்டர் பையொன்றின் விலை ஏறக்குறைய இரண்டு பிராங்க் அளவில் இருக்கும். கடதாசி, கண்ணாடி, தகரம் ஆகியவற்றைத் தனியாகக் கொடுப்பதற்குப் பை தேவையில்லை.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இங்கே பைக் கட்டணத்தோடு அடிப்படைக் கட்டணம் ஒன்றும் வாங்கப்படுகிறது. நீங்கள் ஆண்டு முழுவதும் ஒரு பைகூட வெளியே வைக்காவிட்டாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். வண்டியும் பணியாளரும் சேகரிப்பு நிலையங்களும் இருப்பதற்கான செலவு அதில் அடங்கும். பையின் விலை எரிப்பதற்கும் அதையொட்டிய செலவுக்கும் ஆனது. மாறாத செலவை மாறாத கட்டணமும், மாறும் செலவை மாறும் கட்டணமும் தாங்குகின்றன. எல்லாவற்றையும் பையின் விலையிலேயே ஏற்றிவிட்டால், மக்கள் குப்பையைக் குறைக்கக் குறைக்க நகரசபையின் வருவாய் செலவைவிட வேகமாக விழும். பிறகு பையின் விலையை உயர்த்த வேண்டிவரும். ஒழுங்காக நடந்துகொண்டவர்களே தண்டிக்கப்பட்டதாக உணர்வார்கள்.

எல்லா இடமும் இதை மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. குப்பைச் செலவை அதை உண்டாக்குபவரே தாங்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் 1997இலிருந்து சொல்லியிருந்தும், பிரெஞ்சு மொழி பேசும் வோ மாநிலத்தின் பல ஊர்கள் வரிப்பணத்திலிருந்தே செலவைச் சமாளித்து வந்தன. 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே, 2013இல் லொசான் உள்ளிட்ட ஊர்கள் பைக் கட்டணத்துக்கு மாறின. ஜெனீவா நீண்ட காலமாக விலகியே நிற்கிறது. கட்டணப் பை இல்லாமல் குப்பையை வைப்பவர்களைப் பிடிக்கப் பையைத் திறந்து, உள்ளே முகவரியுள்ள கடிதம் ஏதேனும் கிடைக்கிறதா என்று தேடும் ஊழியர்கள் பல ஊர்களில் உண்டு. அவர்களின் சம்பளமும் இம்முறையின் செலவில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எரிஉலை ஒன்றைக் கட்டிவிட்டால் அதற்கும் மாறாத செலவு உண்டு. குப்பை குறைந்தால் உலை சும்மா நிற்கும். ஆகவே இங்குள்ள உலைகள் அயல்நாட்டிலிருந்தும் குப்பையை வரவழைத்து எரிக்கின்றன. உலை உங்கள் நகரசபைக்கே சொந்தமானதாக இருந்தால், டன்னுக்கு மிச்சமாகும் பணம் காகிதத்தில் தெரியும் அளவுக்குக் கையில் வராது.

---

மூன்றாவது மாடி எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனைவரும், குப்பை வைப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்பதைப் போல எழுதுகிறார்கள். சென்னையில் என் வீட்டுக்கு அருகில் காலி மனையும் மழைநீர்க் கால்வாயும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கின்றன. பைக்கு ஐந்து ரூபாய் வைத்தால் அவற்றின் வாடிக்கையாளர்கள் பெருகுவார்கள். கால்வாயைத் தூர்வாரும் செலவு குப்பைக் கணக்கில் வராமல் மழைநீர் வடிகால் கணக்கில் வரும் என்பதால், திடக்கழிவுப் பிரிவு தன் செலவு குறைந்துவிட்டதாக அறிக்கையும் கொடுக்கும்.

தைவானின் தலைநகரான தாய்பேயில் இது எப்படிச் சமாளிக்கப்பட்டது என்பதைப் பார்த்தால், நமக்கு முன்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பது புரியும். அந்த நகரம் முன்பு குப்பைக் கட்டணத்தைத் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வாங்கியது. 2000 ஜூலை முதல் நாளிலிருந்து, நகரம் விற்கும் பையில் கட்டிய குப்பையைத்தான் எடுப்போம் என்று மாற்றியது. ஆனால் அதற்கு முன்பே, குப்பை தரையைத் தொடக் கூடாது என்ற விதியின்படி தெருவோரத்தில் குப்பையைப் போட்டுவைக்கும் வழக்கத்தை நிறுத்தியிருந்தார்கள். குறித்த நேரத்தில் இசையோடு வரும் லாரியில் மக்களே நேரில் வந்து கொடுக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் கொடுப்பதால் போலிப் பையோடு வருபவர் மாட்டிக்கொள்வார். போலிப் பை அச்சிடுபவர்களுக்குக் கடும் தண்டனையும், துப்புக் கொடுப்பவருக்கு அபராதத்தில் பங்கும் உண்டு. பத்தாண்டுக் காலத்தில் அங்கு எரிஉலைக்கோ புதைநிலத்துக்கோ போகும் வீட்டுக் குப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது உண்மை. அதைக் கட்டணம் தனியே செய்துவிடவில்லை; சமையற்கழிவையும் மறுசுழற்சிப் பொருளையும் அதே நேரத்தில் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளும் தனி வண்டியும் சேர்ந்தே செய்தது. அந்த இரண்டாவது வண்டிக்கும் செலவுண்டு.

நம் ஊர் நிலை வேறு. செய்தித்தாளும் பால் பாக்கெட்டும் இரும்பும் ஏற்கெனவே பழைய பேப்பர் கடைக்குக் காசுக்குப் போய்விடுகின்றன. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி ஈரக் குப்பை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைக் கட்டணம் எந்தப் பொருளை மறுசுழற்சிக்குத் தள்ளியதோ, அந்தப் பொருளே நம் வாளியில் குறைவு.

அரசியலையும் கணக்கில் கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயனாளர் கட்டணம் வாங்க உள்ளாட்சிகளுக்கு வழி தந்தன. அதன்படி சென்னையில் 2021 ஜனவரி முதல் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களிலேயே நிறுத்திவைத்தார்கள். பெங்களூரு 2025 ஏப்ரலில் கட்டடப் பரப்பளவை வைத்து மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை சொத்து வரியோடு வாங்கத் தொடங்கியது. அது குப்பையைக் குறைக்கும் விலையன்று, செலவுக்குப் பணம் திரட்டும் வரி. என் கருத்தில் அதுவே நேர்மையான வழி. வசூலிக்க எளிது, ஏமாற்றக் கடினம், சிறிய வீட்டில் இருப்பவர் குறைவாகக் கட்டுகிறார்.

---

பொருளியல் மாணவி எழுதியது:

மூன்றாவது மாடி அவர்களின் ஐயத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நம்முடையது ஈரக் குப்பை என்பதாலேயே விலைக்கு வேலையில்லை என்ற முடிவை ஏற்க முடியவில்லை. தென் கொரியா 1995 ஜனவரியில் நாடு முழுவதும் கட்டணப் பையைக் கொண்டுவந்தபோது முதலில் குறைந்தது மறுசுழற்சிக்குரிய பொருள்கள்தாம். உணவுக் கழிவு பெருஞ்சிக்கலாகவே இருந்தது. 2005இல் அதை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தார்கள். 2013இல் உணவுக் கழிவிலிருந்து வடியும் நீரைக் கடலில் கொட்டுவதும் நின்றது. கொட்டுவதற்கு மலிவான இடம் இல்லாமற்போன அதே காலத்தில்தான் உணவுக் கழிவுக்கு அளவின்படி கட்டணம் வாங்கும் முறை பரவியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் திறந்து, போட்ட கழிவை எடைபோட்டு, வீட்டின் மாதக் கணக்கில் சேர்த்துவிடும் தொட்டிகளை வைத்தார்கள்.

எடைக்குக் கட்டணம் என்றவுடன் வீடுகளில் முதலில் செய்வது தண்ணீரை வடிப்பது. பையை மிதிப்பதைப் போல இதுவும் ஒரு தந்திரம்தான். ஆனால் இந்தத் தந்திரம் நகரத்துக்கும் பணத்தை மிச்சப்படுத்துகிறது. லாரி தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை, உரக்கூடத்தில் உலர்த்தும் வேலை குறைகிறது. எதற்கு விலை வைக்கிறோமோ அதுவும், எதனால் செலவு ஏறுகிறதோ அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் முன்னர் சொல்ல முயன்றது இதைத்தான்.

---

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு விளக்கம் கேட்கிறேன். எங்கள் ஊரில் சேகரிப்பு வேலை முழுவதும் தனியார் ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது. அப்படியானால் வரவுசெலவு ஐயாவின் கணக்கு மாறுமா? மேலும், வீடுகளை விட்டுவிட்டுத் திருமண மண்டபங்கள், உணவகங்கள், சந்தை ஆகியவற்றுக்கு மட்டும் எடைக்கட்டணம் கேட்பது பயன் தருமா?

---

வரவுசெலவு எழுதியது:

மாறும், மிகவும் மாறும். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பேன். மக்களுக்கும் நகராட்சிக்கும் இடையில் ஒரு கட்டண முறை இருப்பதைப் போல, நகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலும் ஒன்று இருக்கிறது. செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

ஒப்பந்தம் டன்னுக்கு இவ்வளவு என்று இருந்தால், வீடுகள் குப்பையைக் குறைக்கும்போது நகராட்சி கொடுக்கும் தொகையும் குறையும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரருக்கு எடை கூடுவதே லாபம். கட்டட இடிபாடும் மண்ணும் எடைமேடையில் குப்பையாக ஏறுவது, ஈரக் குப்பையை மூடாமல் மழையில் நனையவிடுவது போன்றவற்றைத் தடுக்க எடைமேடையில் நம்பத்தகுந்த கண்காணிப்பு வேண்டும். பிரித்து வாங்குவதில் அவருக்கு எந்த ஆர்வமும் இருக்காது. உரக்கூடத்துக்குத் திருப்பிவிட்ட ஒவ்வொரு கிலோவும் அவருடைய பட்டியலில் குறைவு. மாறாக, வார்டுக்கு அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்றோ, சென்னையில் 2020க்குப் பிறகு சில மண்டலங்களில் செய்ததைப் போலச் செயல்திறன் குறியீடுகளின்படியோ பணம் கொடுத்தால் அந்தச் சூது குறையும். ஆனால் அப்போது மக்கள் குறைக்கும் குப்பையால் வரும் மிச்சம் ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஒப்பந்ததாரருக்கே போகும். நகராட்சிக்கு அடுத்த ஒப்பந்தப்புள்ளியில்தான் அது தெரியவரும்.

மண்டபங்களையும் உணவகங்களையும் பற்றி நீங்கள் கேட்டது சரியான இடம். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவரை 2016 விதிகள் தனி வகையாகவே வைத்தன. அவர்களின் எண்ணிக்கை குறைவு, முகவரி தெரியும், உரிமம் புதுப்பிக்க நகராட்சியிடம் வந்தாக வேண்டும், வண்டியிலேயே எடைபோட முடியும். ஒரே நிறுத்தத்தில் பெரும் எடை ஏறுவதால், அங்கே ஒரு டன் குறைந்தால் ஒரு நடையே குறைய வாய்ப்புண்டு. ஆயிரம் வீடுகளில் தலைக்கு ஒரு கிலோ குறைவதால் அது நடக்காது.

மனு எழுதும் முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தின் நகலையும், கடந்த ஆண்டில் சேகரிப்புக்கும் அகற்றலுக்கும் தனித்தனியே செலவான தொகையையும், மாதவாரியான எடைமேடைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். டன் கணக்கில் பணம் போகிறது என்று தெரிந்தால் பெரிய நிறுவனங்களுக்கு எடைக்கட்டணமும், வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் தள்ளுபடியும் கேளுங்கள். வார்டுக் கணக்கில் போகிறது என்றால் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து, அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன் மனு ஆணையர் கையில் இருக்கும்படி செய்யுங்கள்.